அண்ணாச்சி பதில்கள்: தேனா, சீனியா?

சுகர் வந்ததும் சீனியை விட்டுட்டேன் அண்ணாச்சி. டீயில இப்போ தேன்தான். சரிதானே?
(வாசகி, முத்தையாபுரம்)

கள்ளனை விரட்டிவிட்டு, அவன் தம்பிக்கு இலை போட்டிருக்கியே தாயி! ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம். அதே ஸ்பூனில் தேன் 7 கிராம். அதில் ஐந்தரை கிராமுக்கு மேல் சர்க்கரை. ஸ்பூன் கணக்கில் தம்பிதான் கனம்.

தேன் இயற்கையானதாச்சே?
(வாசகர், புதுக்கோட்டை)

1973-இல் நம்ம தூத்துக்குடியில்தான் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். கடல் முத்தோ வளர்ப்பு முத்தோ, மேலே படிவது ஒரே கால்சியம் கார்பனேட். குளுக்கோஸும் அப்படித்தான். பூவில் வந்ததா, கரும்பில் வந்ததா என்று ரத்தம் பூர்வீகம் விசாரிக்காது.

மதுமேகம் என்பதில் வரும் ‘மது’ எது?
(மாணவி, கோவில்பட்டி)

தேன். சுகருக்கு டாக்டர்கள் சொல்லும் பெயரில் வரும் லத்தீன் ‘மெல்லிடஸ்’ஸிலும் தேன்தான் இருக்கிறது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்தே நம் பழைய வைத்தியர்கள் இந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். லேப் ரிப்போர்ட்டை எறும்பு எழுதிய காலம்.

தேன் சாப்பிட்டால் உடம்பு இளைக்குமாமே?
(வாசகர், திருச்செந்தூர்)

ஈரானில் சர்க்கரை நோயாளிகள் 48 பேரை வைத்து 8 வாரம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. தேன் சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்தது உண்மை. ஆனால் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி ஏறிவிட்டது. ஆள் இளைத்தார், சுகர் கொழுத்தது.

அப்போ உடன்குடி கருப்பட்டி?
(வாசகர், குலசேகரப்பட்டினம்)

அந்த மணத்துக்கு நான் அடிமை. ஆனாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ். புவிசார் குறியீடு கிடைத்தது கருப்பட்டிக்கு. உங்கள் கணையத்துக்கு அல்ல.

தண்ணீரில் நூலாக இறங்கினால் நல்ல தேன்தானே?
(வாசகர், ஆறுமுகநேரி)

நல்ல பாகும் நூலாகத்தான் இறங்கும். 2020-இல் டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தது. எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே. சரி, உங்களுக்குக் கிடைத்தது சுத்தத் தேன் என்றே வையுங்கள். அது சுகரைச் சுத்தமாக ஏற்றும்.

உப்பளத்தில் வேலை. சுகர் உண்டு. கால் புண்ணுக்குத் தேன் தடவலாமா?
(வாசகர், வேப்பலோடை)

வீட்டு பாட்டில் தேனைத் தொடாதீர்கள். புண்ணுக்கென்றே கதிர்வீச்சில் கிருமி நீக்கிய தேன் தனியாக இருக்கிறது. தேவையென்றால் அதை வைத்து டாக்டர் கட்டுவார்.

நான் கேட்பது வேறு. பாத்தியில் இறங்கும்போது புண் எரிகிறதா? எரிந்தால் நரம்பு இன்னும் பேசுகிறது. உப்புத்தண்ணி பட்டும் எரியவில்லை என்றால் கால் மரத்துப்போச்சு. அதை ‘ஆறிவிட்டது’ என்று நினைத்துத்தான் பலர் விரலை இழக்கிறார்கள். எரிந்தாலும் எரியாவிட்டாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இனி தினமும் ராத்திரி உள்ளங்காலைத் திருப்பி, கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

விடியக்காலம் மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்தோட கடலுக்குப் போறேன். வலை இழுக்கையில கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. ஏன் அண்ணாச்சி?
(மீனவர், திரேஸ்புரம்)

சுகர் இறங்குது தம்பி. இங்கேதான் தேன் நல்லவன். ஒரு மேசைக்கரண்டி உடனே குடி. 15 நிமிஷம் பொறு. நடுக்கம் நிற்கலையா, இன்னொரு கரண்டி. நின்றதும் கையில் இருக்கிற இட்லியைச் சாப்பிடு. தேன் இல்லையென்றால் சீனித்தண்ணியும் இதே வேலை செய்யும்.

நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி உயிருக்கே ஆபத்து. ஒருக்களித்துப் படுக்கவைத்து வல்லத்தைக் கரைக்குத் திருப்பணும், 108-க்குச் சொல்லணும். நீ கிளம்புவது எத்தனை மணிக்கு, சாப்பிடுவது எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் சொல்லி, மாத்திரை நேரத்தைக் கேட்டு வாங்கு.

நாளைக்கே ஒரு சின்ன பாட்டிலில் தேன் ஊற்றி, மூடியை இறுக்கி வல்லத்தில் வை. அது எங்கே இருக்கிறது என்று கூட வருகிறவனுக்கும் காட்டிவிடு.