நடராஜா சர்வீஸ் மாணவர் உறைவிடம் தேர்தல்: சென்னையை முன்வைத்து ஒரு முன்னாய்வு

வண்டி வைத்திருப்போரைப் பற்றி நெடுஞ்சாலைத் துறையும் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இரவு பகலாக ஆராய்ந்து வருகின்றன. வண்டி இல்லாதோரைப் பற்றி ஆராய ஆளில்லை. அவர்களிலும், ஒரு தோள்பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாக எழும்பூரிலோ கிளாம்பாக்கத்திலோ வந்து இறங்கும் வெளியூர்க் கல்லூரி மாணவர் என்னும் உட்பிரிவுக்கு ஆய்வுலகில் ஓர் அடிக்குறிப்புகூடக் கிடைத்ததில்லை. இந்தப் பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எந்தப் பேட்டையில் அறை எடுத்தால் கல்லூரிக்கும் மெஸ்ஸுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடந்தே போய்வரலாம், இரவில் பத்திரமாகவும் திரும்பலாம்? கேள்வி எளியது. கேட்கப்படும் பெரியவர்கள் எல்லோரும் "பேசாம ஒரு செகண்ட் ஹாண்ட் ஸ்கூட்டி வாங்கிடு" என்று விடையளித்து எழுந்துவிடுவதால்தான் துறை வளராமல் கிடக்கிறது.

முதலில் அளவை. இத்துறையில் புழங்கும் அலகு தரகர் நிமிடம். "ரெண்டே நிமிஷம் தம்பி, பேசிக்கிட்டே போயிடலாம்" என்று தரகர் சொல்கிறார். சாலைப் பொறியாளர்கள் சிக்னல் நேரம் கணக்கிடும்போது நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் கடப்பார் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் இரண்டு நிமிட நடை 144 மீட்டர். ஆனால் தரகர் அதைச் சொல்லும்போது ஒரு ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஆய்வாளர் கவனித்தாக வேண்டும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நிமிடம் என்பது ஒரு கிலோமீட்டர். ஆகவே தரகர் நிமிடத்தை நடை நிமிடமாக மாற்ற ஏறத்தாழ ஏழால் பெருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முதல் கண்டுபிடிப்பு. தரகர் பொய் சொன்னார் என்று யாரும் கொள்ள வேண்டாம். அவர் அந்தத் தூரத்தை ஒருநாளும் நடந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மேனாட்டாரிடம் வேறு அளவை உண்டு. சியாட்டில் நகரில் 2007இல் தொடங்கிய வாக் ஸ்கோர், ஒரு வீட்டிலிருந்து மளிகைக்கடை, உணவகம், பூங்கா முதலியவை எவ்வளவு தொலைவு என்று பார்த்து நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் போடுகிறது. ஐந்து நிமிட நடைக்குள் இருந்தால் முழு மதிப்பெண். முப்பது நிமிடத்தைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. அழகான முறைதான். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையின் ஒரு சாரியில் குடியிருப்பவருக்கு எதிர்ச்சாரி மருந்துக்கடை வரைபடத்தில் கூப்பிடு தூரம். நடுவில் ஓடும் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம், எத்தனை குலதெய்வங்கள் தேவைப்படும் என்பதற்கு மதிப்பெண் பட்டியலில் கட்டம் இல்லை.

எனவே நம் சொந்தச் சரக்குக்கே திரும்புவோம். நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். வீடு தேடுவோர் மறந்துவிடும் இலக்கணம் இது. தரகர் காட்டுவது வெறும் நிலம். அதுவும் காலை பதினொரு மணிக்கு. காலை பதினொரு மணிக்குச் சென்னையில் பாதுகாப்பில்லாத தெரு என்று எதுவும் கிடையாது. கறிவேப்பிலை வண்டி போய்க்கொண்டிருக்கும், பள்ளிக்கூட மணி அடிக்கும், மாடியில் வடகம் காயும். அதே தெருவைச் சிறுபொழுது ஆறிலும் வைத்துப் பார்க்க வேண்டும், குறைந்தது யாமத்தில். யாமம் இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது. டாஸ்மாக் கடைகள் மூடும் நேரமும் இரவு பத்து. இந்தப் பொருத்தம் தற்செயலா என்பதை இலக்கணப் புலவர்கள் ஆராயட்டும். ஆய்வாளர் ஒன்பதரைக்கு ஒருமுறையும் பத்தரைக்கு ஒருமுறையும் தெருவில் நடந்து பார்த்தால் போதும். இரண்டும் ஒரே தெருதானா என்ற ஐயம் வந்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுவது நல்லது.

பெரும்பொழுதில் கூதிர் ஒன்றே இங்கு பொருட்டு. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள். அறை பிடிப்பதோ ஆனி, ஆடியில், தெரு காய்ந்து கிடக்கும்போது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி எப்படி இருந்தது என்பதை அந்த ஊர்ப் பெயரின் கடைசி இரண்டு எழுத்து விளக்காது. சுற்றிலும் ஏரியும் சதுப்பும் இருந்த நிலம் என்பது விளக்கும். மாணவருக்கு வரலாற்று நூல் தேவையில்லை, வாசற்படி போதும். தெருவில் எல்லா வீடுகளும் அண்மையில் இரண்டு படி கூட்டிக் கட்டியிருந்தால், அது கல்வெட்டு. சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடினால், அதுவும் கல்வெட்டு. வீட்டுக்காரரிடம் "மழைக்காலத்துல தண்ணி நிக்குமா?" என்று கேட்பது ஆய்வு முறையியலுக்கு ஒவ்வாது. அவருக்கு மாடி வீடு.

இனி நிலத்துக்கு வருவோம். ஆய்வின் மெய்யான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

நடப்பவருக்கு நடைபாதை வேண்டும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில் தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும், விளிம்பு உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. அதன் நல்விளைவுகளில் ஒன்றாக 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. அங்கே நடப்பது சுகம். அங்கே அறை எடுத்துத் தங்கிப் படிக்க வசதியுள்ள மாணவரை இவ்வாய்வு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. மற்ற தெருக்களில் அந்த 1.8 மீட்டரில் என்ன இருக்கிறது? மின்வாரியப் பெட்டி, டிரான்ஸ்பார்மர், இஸ்திரி வண்டி, பூக்காரம்மாவின் கூடை, தள்ளுவண்டி பரோட்டாக் கடை, நிறுத்திவைத்த பைக்குகள், தெருக்குத்துப் பிள்ளையார், பிள்ளையாருக்கு எதிரே படுத்திருக்கும் நாய். இவை கருப்பொருள்கள். மாநகராட்சி ஆவணங்களில் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஆக்கிரமிப்பு என்று பெயர்.

ஒரு சிந்தனைச் சோதனை செய்வோம். இவை அத்தனையையும் அப்புறப்படுத்திவிட்டால் என்ன கிடைக்கும்? கற்பனை செய்யவே வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனால் போதும். ஆறு வழிச் சாலை, கண்ணாடிக் கட்டடங்கள், நீண்ட சுற்றுச்சுவர்கள். கம்பெனி கேப்கள் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பவருக்குத் துணை அந்தச் சுவர்தான். சுவருக்குக் கண் கிடையாது. கண்ணாடிக்கும் உள்ளே விளக்கு அணைந்த பின் கிடையாது. ஐந்திணையில் இதைப் பாலை எனலாம். பிரிவுக்கு உரிய நிலம். இரவு பத்தரைக்கு அங்கே செல்போன் எப்போது பிரியும் என்பது மட்டுமே கேள்வி.

நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் குடியிருந்த ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியான தம் நூலில், தெருவைக் காப்பது போலீஸ் மட்டுமல்ல, கடைக்காரர், திண்ணையில் இருப்பவர், சன்னல் வழியே பார்ப்பவர் என அங்கேயே கிடக்கும் மனிதர்களின் கண்கள்தாம் என்று வாதிட்டார். நகரத் திட்டமிடலாளர்கள் அதிர்ந்துபோனார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் அதிர்ந்திருக்க மாட்டார்கள். அவர்கள் சொல்லும் "ஆள் நடமாட்டம் இருக்கிற தெருவாப் பாரு" என்பதன் விரிவுரைதான் அந்த நூல். இதில் இக்கட்டுரை செய்யும் ஒரே திருத்தம்: நடமாட்டத்தைவிட இருப்பு முக்கியம். நடப்பவர் போய்விடுவார். உட்கார்ந்திருப்பவர் போவதில்லை.

அவ்வாறு இருப்போருக்குள் தரவரிசை உண்டு. முதலிடம் இஸ்திரிக்காரருக்கு. காலை முதல் மாலை வரை ஒரே மரத்தடி. எந்தச் சட்டை எந்த வீட்டுக்கு என்பது எழுதி வைக்காமலே தெரியும். புது ஆள் தெருவுக்குள் வந்தால் சட்டையைப் பார்த்தே கண்டுகொள்வார். அவருடைய குறை, பொழுது சாய்ந்தால் கரி அணைந்துவிடும். அங்கிருந்து பரோட்டாக் கடை பொறுப்பேற்கிறது. கொத்து சத்தம் கேட்கும் தூரம்வரை தெரு விழித்திருக்கிறது என்று கொள்க. வைகறைக்கு ஆவின் பூத்தும் டீக்கடையும். மருந்துக்கடை இரண்டு ஷிப்டுக்கும் பொது. பூக்காரம்மா, நேரத்தைவிடத் தகவலில் சிறந்தவர். நாயை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதில் ஆய்வாளருக்கே தெளிவில்லை: முதல் வாரம் அது எதிர்க்கட்சி, நான்கு பாக்கெட் பிஸ்கட்டுக்குப் பின் ஆளுங்கட்சி. பைக் மேல் உட்கார்ந்து பேசும் இளைஞர் கூட்டம் எந்தப் பக்கம் என்பது, அதைக் கடந்து போவது யார் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தை அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியாது. மேலே கூறிய முடிவுகள் யாவும் ஆண் உடம்பில் சோதிக்கப்பட்டவை. மாணவிக்கு வரைபடமே வேறு. சந்து வழியே போனால் ஐந்து நிமிடம் என்று மாணவர் சொல்லும் இடத்துக்கு மாணவி மெயின் ரோடு வழியே பன்னிரண்டு நிமிடத்தில் போகிறார். ஊர் அவருக்கு உண்மையிலேயே பெரியது. சேப்பாக்கத்தில் படிக்கும் மாணவருக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகம் நடந்து போகும் தூரம். 1948 முதல் ரத்னா கபே சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறது. பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகம் கிடைக்கும். மேன்ஷன் படியில் மாணவிக்கு அனுமதி இல்லை. அவருக்கு வாய்ப்பது லேடீஸ் ஹாஸ்டல். அது எந்தத் தெருவில் இருக்கிறதோ அதுவே அவருடைய பேட்டை. கதவு எத்தனை மணிக்குச் சாத்துமோ அதுவே அவருடைய யாமம்.

ரயிலுக்கும் இதே கணக்கு. பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 2007இல் வேளச்சேரி போய்ச் சேர்ந்தது. ரயிலில் குறை இல்லை. நிலையங்கள்தாம் பிரம்மாண்டம், கடைகள் வரும் என்று கட்டிய தளங்கள் பல காலமாக ஆளில்லாமல் கிடந்தன. இரவு ஒன்பதுக்கு இறங்கும் பெண் கடக்க வேண்டியது ஊரை அல்ல, அந்தப் படிக்கட்டுகளை. மாறாக, 1931இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தாம்பரம் தடத்தில் மாம்பலம் நிலையத்தைப் பாருங்கள். படி இறங்கினால் ரங்கநாதன் தெரு, காய்கறிக் கூடைகள், தோள் இடிக்கும் கூட்டம். எரிச்சலூட்டும் இடம்; ஆனால் தனியாக நிற்கும் வாய்ப்பே இல்லை. எனவே முந்நூறு மீட்டரில் உள்ள வெறிச்சோடிய நிலையத்தைவிட அறுநூறு மீட்டரில் டீக்கடை வாசலில் உள்ள பஸ் நிறுத்தம் அருகானது என்பது இக்கட்டுரையின் இரண்டாம் கண்டுபிடிப்பு. 2021 முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்க வேண்டிய இடத்தையும் நடை தூரக் கணக்கில் சேர்க்க இது வழிசெய்கிறது. 29சி போகும் வழி என்பதற்காகவே பெரம்பூர் முதல் பெசன்ட் நகர் வரை எத்தனையோ அறைகளுக்கு வாடகை உயர்ந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்; ஆதாரம் கேட்காதீர்கள்.

இத்தனை கண்களின் காவலுக்கு விலை உண்டு. தெரு உங்களைக் காக்க வேண்டுமானால் முதலில் அதற்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு எதுவும் மறைக்க முடியாது. "நேத்து பதினொண்ணே முக்காலுக்கு வந்தாப்பல இருந்துதே, எக்ஸாமா?" என்று எதிர்வீட்டு மாமி கேட்பது பாதுகாப்புச் சேவையின் மாதாந்திர அறிக்கை. மாணவனிடம் அது அக்கறை, மாணவியிடம் அதே கேள்வி "ஏம்மா, கூட வந்தது அண்ணனா?" என்று வந்து நிற்கும்போது விலை எங்கோ ஏறிவிடுகிறது. கண் வேண்டும், வாய் வேண்டாம் என்னும் தெரு இதுவரை கண்டறியப்படவில்லை.

எல்லாம் ஆராய்ந்தபின் என் தீர்ப்பு இது: சேப்பாக்கத்தில் படிப்போருக்குத் திருவல்லிக்கேணி, கிண்டியில் படிப்போருக்கு வேளச்சேரிக்கு முன்னால் சைதாப்பேட்டை, தரமணியில் படிப்போருக்குப் பழைய மகாபலிபுரம் சாலையைவிடத் திருவான்மியூர்ப் பக்கம். இஸ்திரி வண்டி இருக்கும் தெருவாக இருக்கட்டும். நடைபாதை மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்க. ஆளே இல்லாத நல்ல நடைபாதையைப் பொறுக்க வேண்டாம்.

ஆனால் மாணவர் பேட்டையைத் தேர்கிறார் என்ற கருதுகோளே ஆட்டம் காண்கிறது, கேட்டில் தொங்கும் அட்டைகளைப் படிக்கும்போது. 'பேமிலி மட்டும்' என்ற வரியில் பாதி நகரம் கழிகிறது. 'சைவம் மட்டும்' என்பதில் மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் பல தெருக்கள் கழிகின்றன. அட்டையில் எழுதாமல் ஊரையும் அப்பா பெயரையும் விசாரிக்கும் விதத்தில் இன்னும் கொஞ்சம் கழிகிறது. எஞ்சியது, மூன்றாம் மாடியில், தண்ணீர் மோட்டார் சத்தத்துக்கு நேர் மேலே ஓர் அறை. வீட்டுக்காரர் கடைசியாக ஒரு கேள்வி கேட்கிறார்:

"வண்டி வெச்சிருக்கீங்களா தம்பி?"

"இல்ல சார், நடந்துதான் போறேன்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. கீழ நிறுத்த இடமில்ல."

பராமரிப்புக் கட்டணத்தில் பார்க்கிங் தொகையும் சேர்ந்திருக்கும். குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.