கிருத்திகை பார்த்த பிள்ளைகள்

சென்னையில் நடந்த வாலிபர் மாநாட்டுக்குப் பெயர் கொடுத்த சபைகளுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பெருங்கூட்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்று அதில் இரண்டு பக்கம். பைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் பதற வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்து வாலிபர் ஐக்கியத்தில் இதை வாசித்தேன். "நமக்கா சார்?" என்றாள் ஒரு பெண். அவ்வளவுதான், அறை முழுக்கச் சிரிப்பு.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் திருத்தணித் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தப் பக்கம் நகரி, புத்தூரிலிருந்தும் இந்தப் பக்கம் அரக்கோணம், திருவள்ளூரிலிருந்தும் புஷ்பக் காவடியோடு ஜனம் வந்து இறங்கும். சரவணப் பொய்கையில் தெப்பம். பார்த்த இடமெல்லாம் மஞ்சள் துணி, சந்தனம் பூசிய மொட்டைத் தலை. அந்த வாரம் எங்கள் பிள்ளைகள் ஆலயத்துக்கு வந்து சேர்வதே எதிர்நீச்சல்தான். பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காவடிக்குக் காவடி குனிந்து நிமிர்ந்து, வழியில் தண்ணீர்ப் பந்தலில் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வருவார்கள். மோர் ஊற்றுகிறவர் யாரும் இதுவரை ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டதில்லை.

டிசம்பர் 31 இன்னும் விசேஷம். ஜனவரி முதல் தேதி வெள்ளைக்காரத் துரைகளைப் போய்ப் பார்க்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. துரையைப் பார்ப்பதற்கு முன்னால் முருகனைப் பாருங்கள் என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்தது திருப்படித் திருவிழா. மலைக்கு 365 படி, நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. படிக்குப் படி பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். அதே ராத்திரி கீழே எங்கள் ஆலயத்தில் ஆண்டிறுதி ஆராதனை. மேலேயும் மைக், கீழேயும் மைக். போதகர் ஐயா பிரசங்கத்தில் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் திருப்புகழ் வந்து உட்கார்ந்துகொள்ளும். கீபோர்டைச் சரிபார்க்கிறேன் என்ற சாக்கில் அந்தச் சந்தத்தை அட்சரம் பிசகாமல் வாசித்து, காது திருகப்பட்ட பையன் ஒருவன் எங்கள் கொயரில் உண்டு. வாசித்தது நன்றாகத்தான் இருந்தது.

பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கப் போனேன். எங்கள் ஊரில் சில வீடுகளில் அம்மா ஆலயம், அப்பா மலை. அப்படி ஒரு வீட்டில் பையனின் நைனா கையில் பேனாவை வைத்துக்கொண்டே கேட்டார்: "கூட்டினு போயி இவன இன்னாவா ஆக்கி அனுப்புவீங்க சார்?"

நான் ராதாகிருஷ்ணனை இழுத்தேன். 1888-இல் திருத்தணியில் பிறந்தவர், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிசு கல்லூரி, அப்புறம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்று கிறிஸ்தவர்களிடமே வரிசையாகப் படித்தார், கடைசியில் ஜனாதிபதி ஆனார் என்றேன். "அங்க படிச்சு முடிச்சு இன்னா எழுதினார்?" என்றார் நைனா. வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றி ஆய்வேடு எழுதினார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்டின்னா தாராளமா கூட்டினு போங்க." கையெழுத்துக் கிடைத்தது. நான் வாதாடியது எந்தக் கட்சிக்காக என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன். உள்ளேயிருந்து அவ்வா மட்டும், "ரெண்டு வேளையும் சோறு போடுவாங்களா?" என்று கேட்டார். மாநாட்டைப் பற்றி எனக்குக் கிடைத்த கேள்விகளிலேயே அதுதான் உருப்படியான கேள்வி.

விடியற்கால மின்சார ரயில். பேசின் பிரிட்ஜில் வழக்கம்போல வண்டி நின்று தவம் செய்தது. சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி. மைதான வாசலில் எங்களை நிறுத்திய தொண்டர் தம்பி மிகவும் பணிவாகக் கேட்டான்: "நீங்க தமிழா, தெலுங்கா?" இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு, தனித்தனிப் பந்தல்.

"எங்க சார்? வீட்லயா, ஸ்கூல்லயா?" என்றான் எங்கள் கூட்டத்திலிருந்து ஒருவன். தொண்டர் தம்பி என்னைப் பார்த்தான்.

எங்கள் ஊர்க்காரர்களை இந்தக் கேள்வி விடாது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி.யும் எங்கள் ஊர் விநாயகமும் வடக்கெல்லைக்காக ஜெயிலுக்குப் போனார்கள். திருப்பதியையும் சேர்த்துக் கேட்டார்கள், திருத்தணி கிடைத்தது. படாஸ்கர் மத்தியஸ்தம் செய்து எல்லைக்கோடு போட்டார். அந்தக் கோடு வீடுகளுக்குள் வரவில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் ஜெபிப்பது தமிழில், தம்பி தங்கையோடு சண்டை போடுவது தெலுங்கில்.

தமிழ் என்று பதிந்தோம். மதியம் வரை எல்லை அமைதியாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் திரும்பிப் பார்த்தால் என் பின்னால் பாதிப் பேர் இல்லை. தமிழ்ப் பந்தலில் தக்காளி சாதம். தெலுங்குப் பந்தலிலோ சுடுசோறு, பப்பு, நெய், பக்கத்தில் ஒரு குன்று கோங்குரா பச்சடி. அங்கே வரிசையில் நின்று எங்கள் பையன்கள் பேசிய தெலுங்கைக் கேட்டால் படாஸ்கரே தீர்ப்பைத் திரும்ப வாங்கியிருப்பார். இரண்டு பெரிய மனிதர்கள் சிறைக்குப் போய் வாங்கிக்கொடுத்த பிள்ளைகளை நான் ஒரு கரண்டிப் பச்சடிக்கு விட்டுக்கொடுத்தேன். பிறகு நானும் போய் ஒரு தட்டு வாங்கிக்கொண்டேன்.

சுற்றறிக்கை பயந்த விஷயம் சாயங்காலம்தான் நடந்தது. வந்தவர்கள் அனைவருக்கும் அடையாளத்துக்கென்று ஒரே நீலத்தில் டீ ஷர்ட் கொடுத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஒரே சட்டையில் நின்றால் அதில் என்ன அடையாளம்? ஒலிபெருக்கியில், "ஜெபராஜ், எங்கிருந்தாலும் மேடையருகே வரவும்" என்றார்கள். மேடையருகே ஜெபராஜ்களின் சிறு கூட்டமே சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருக்கு ஒருவன்தான் இருப்பான், அவனை எல்லோருக்கும் தெரியும். இங்கே முதல்முறையாகத் தங்கள் பெயர் இத்தனை மலிவானது என்று தெரிந்து எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு முகம் சுருங்கிப்போனது.

ஆனால் ஒருவரும் தொலையவில்லை. காவடிக் குழுக்கள் செய்வதைப் பார்த்து வளர்ந்தவள் எங்கள் பிளஸ் டூ பெண். என் குடையைப் பிடுங்கி, அதன் நுனியில் என் சிவப்புத் துண்டைக் கட்டி, உயரமான ஒருவன் கையில் கொடுத்துவிட்டாள். துண்டு போகிற பக்கம் எங்கள் சபை போனது. இருட்டும்போது வழி தவறிய வேற்றூர்ச் சபைப் பிள்ளைகள் சிலரும் எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் துண்டுக்குக் கீழே வந்து நின்றுகொண்டார்கள். அவர்களுடைய பொறுப்பாளர்கள் வந்து ரசீது இல்லாமல் பெற்றுக்கொண்டு போனார்கள்.

மேடையில் ஒருவர், இந்தத் தலைமுறை உலகத்தையே மாற்றப் போகிறது என்று முழங்கினார். இதில் நான் கொஞ்சம் ஜாக்கிரதையான ஆள். 1939-இல் ஆம்ஸ்டர்டாமில் முதல் உலகக் கிறிஸ்தவ வாலிபர் மாநாடு நடந்தது. கிறிஸ்துவின் வெற்றிதான் தலைப்பு. ஆகஸ்ட் 2-ஆம் தேதி கலைந்து போனார்கள், செப்டம்பர் 1-ஆம் தேதி உலகப் போர். ஆனாலும் அவர்கள் விடவில்லை, 1947-இல் ஆஸ்லோவிலும் 1952-இல் நம் பக்கத்துக் கோட்டயத்திலும் மறுபடி கூடினார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். மைக்கில் கேட்கிற வாக்குறுதிகளைவிட அதன்மேல்தான் எனக்கு நம்பிக்கை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயா எங்களை வரிசையாக முன்னால் நிறுத்தினார். "மாநாட்டில் கர்த்தர் உங்களோடு என்ன பேசினார்?" என்று கேட்டார். ஒருத்தி, பாட்டு நன்றாக இருந்தது என்றாள். ஒருவன், கழிப்பறைக்கு நம் கிருத்திகை ஏற்பாடே தேவலை என்றான். பச்சடிக்காகக் கட்சி மாறி, சாப்பிட்ட பிறகும் திரும்பி வராமல் அந்தப் பந்தலிலேயே மத்தியானக் கூட்டத்துக்கு உட்கார்ந்துவிட்ட பையனிடம் முறை வந்தது.

"தெலுங்குல பேசினார் ஐயா."

சபை சிரித்தது. "சரிப்பா, என்ன பேசினார்?" என்றார் ஐயா, சிரிக்காமல்.

அவன் அந்தப் பிரசங்கத்தின் மூன்று குறிப்புகளையும், ஒவ்வொன்றுக்கும் உரிய வசனத்தோடு, வரிசை மாறாமல் தமிழில் சொல்லி முடித்தான். அதே நேரம் தக்காளி சாதம் தின்றுவிட்டுத் தமிழ்ப் பந்தலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் ஐயாவின் பார்வை திரும்பியது. நான் காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு நடந்தேன்.