கொட்டை எழுத்து

1974இல் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஓர் அச்சகத்தில் கம்போசிங் பழகச் சேர்ந்தேன். சுவர் முழுக்கத் தமிழ் ஈய எழுத்துகள் போட்டுவைக்கும் கேஸ்கள். ஆங்கிலத்துக்குக் கொஞ்சம்தான், அதில் ஒன்று கிளாரண்டன் என்ற எழுத்து வகை. ஃபோர்மேனைக் கேட்காமல் அதில் கை வைக்க முடியாது.

ஒரு நாள் அவரே அதிலிருந்து பெரிய ‘ஆர்’ ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். ஈயத்தில் எழுத்து இடவலம் மாறித்தானே இருக்கும். ஆனாலும் அந்த அழகு தெரிந்தது. கால் கீழே வந்து நுனியில் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. தண்டும் அடிக்கட்டையும் சேரும் இடத்தில் மூலை கிடையாது. மரம் வேரில் அகல்வதுபோல வளைந்து இறங்கியது. சின்ன ‘சி’யின் நுனியில் மிளகு ஒட்டினாற்போல ஓர் உருண்டை. தடித்த எழுத்துதான், ஆனால் உள்ளே காற்று புகுந்து வரலாம்.

லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகத்துக்காக பெஞ்சமின் ஃபாக்ஸ் செதுக்க, ராபர்ட் பெஸ்லி 1845இல் வெளியிட்ட எழுத்து அது. அதற்கு முன்பும் தடித்த எழுத்துகள் உண்டு, சுவரொட்டியில் கூவுவதற்கு. கிளாரண்டனோ புத்தக வரிக்குள் சாதாரண எழுத்துக்குப் பக்கத்தில் உட்காருவதற்காக வந்தது. அகராதியில் தலைச்சொல் சட்டென்று கண்ணில் படுகிறதே, அந்த வசதிக்கு நாம் கடன்பட்டிருப்பது இதற்குத்தான். சட்டப் பாதுகாப்பு மூன்றே வருடம். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்களும் அதேபோலச் செய்துகொண்டன.

ஒருமுறை எங்கள் அச்சகத்துக்கு வந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நோட்டீஸ் முழுவதையும் தடிப்பாக அடிக்கச் சொன்னார். “அண்ணாச்சி, எல்லாத்தையும் கொட்டை எழுத்துல போட்டா எதைப் பாக்குறது? கடை பேரு மட்டும் போதும்” என்றார் ஃபோர்மேன். கேஸில் அவ்வளவு தடித்த எழுத்து கிடையாது என்பது எனக்குத் தெரியும். இருந்திருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார்.

போன மாதம் அக்கா பேத்தியின் கல்யாணப் பத்திரிகைக்காக டி.டி.பி. கடைக்குப் போனேன். பையன் மொத்தத்தையும் செலக்ட் செய்து போல்டு பட்டனைத் தட்டினான். ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டன, ‘கண்ணன்’ மைக்கறையாகத் தெரிந்தது. அந்த ஃபான்டுக்குத் தனியாக போல்டு வரையப்படவில்லை. மென்பொருள் எழுத்தின் ஓரத்தைச் சுற்றிலும் வீங்க வைத்துவிட்டது. கிளாரண்டனில் தண்டு தடித்தபோது உள்வெளியைக் காப்பாற்றியது ஒரு மனிதனின் கண். இங்கே அந்தக் கண் இல்லை.

“தம்பி, எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடுங்க. பேரும் தேதியும் மட்டும் தடிப்பா இருக்கட்டும்” என்றேன்.

“எடுப்பா இருக்காதே ஐயா?”

நோட்டோ செரிஃப் தமிழ் என்ற ஃபான்டை எடுக்கச் சொன்னேன். அதில் போல்டு தனியாகவே வரையப்பட்டிருக்கிறது. பெயர் இரண்டும் தேதியும் மட்டும் அந்த போல்டில் வந்தன. பையன் திரையிலிருந்து கொஞ்சம் விலகி நின்று பார்த்தான். “ஆமாய்யா, இப்பத்தான் பேரு தெரியுது” என்றான்.

அந்த ஃபான்டு இலவசம். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இந்த எழுத்துக்குச் சொந்தமாக போல்டு இருக்கிறதா?