பொழுதுபோக்கு: கட்டத்துக்குள் அடங்காதது

கல்யாணத் தரகர்கள் கைமாற்றும் பயோடேட்டாக்களைப் புரட்டினால், தமிழ்நாட்டில் எல்லாரும் ஓயாமல் புத்தகம் படிக்கிறார்கள், இசை கேட்கிறார்கள், தோட்டம் போடுகிறார்கள். பையன் செஸ் ஆடுவான். பெண்ணுக்குக் கோலமும் ஓவியமும். ஜாதகக் கட்டத்தை நாலு ஜோசியரிடம் காட்டிச் சரிபார்க்கிறவர்கள், 'பொழுதுபோக்கு' என்ற கட்டத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடுகிறார்கள். பெண் வீட்டுப் பெரியப்பா யாராவது, "கடைசியா என்ன புத்தகம் படிச்சீங்க மாப்ளே?" என்று கேட்டுவைத்தால், அதுவரை கேசரியில் மும்முரமாக இருந்தவருக்குப் புரை ஏறும்.

உண்மையில் பொழுது போகும் விதமே வேறு. டீக்கடைக்கு வரும் ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு, முதல் பக்கம் படித்தவரும் கடைசிப் பக்கம் படித்தவரும் வேறு வேறு நாட்டுச் செய்தி போலச் சண்டை போடுவது ஒரு வகை. ஜேசிபி பள்ளம் தோண்டுவதைப் பார்ப்பது இன்னொரு வகை. 2019 மே மாதம் அப்படிக் கூட்டமாக நின்று பார்ப்பவர்களின் படங்கள் சமூக வலைத்தளங்களில் சுற்றி, நாடே சிரித்தது. சிரித்தவர்களில் பலரும் ஏதோ ஒரு பள்ளத்தோரம் நின்றவர்கள்தான். ஆனாலும் 'வேடிக்கை பார்த்தல்' என்று பயோடேட்டாவில் எழுதத் துணிந்த மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

இத்தனைக்கும் சொல் தாராள மனசுள்ளது. பொழுது தானாகப் போவது ஒரு கணக்கு. நாமாக அதைப் பிடித்துத் தள்ளிப் போக்கினால் பொழுதுபோக்கு. எதைச் செய்து போக்குவது என்று நிபந்தனை கிடையாது. ஈஞ்சம்பாக்கம் விஜிபி பூங்காவில் தலைப்பாகையும் மீசையுமாக விறைத்து நிற்கும் 'சிலை மனிதரை' நினைத்துக்கொள்ளலாம். அசையாமல், சிரிக்காமல் நிற்பது அவருக்கு உத்தியோகம். அவரைச் சிரிக்கவைக்க எதிரே நின்று கோணங்கித்தனம் பண்ணுவது, டிக்கெட் வாங்கியவருக்குப் பொழுதுபோக்கு. வெயிலில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்புவதென்னவோ காசு கொடுத்து உள்ளே போனவர்தான்.

அரசாங்கம் கைவைத்ததும் இந்தத் தாராளமெல்லாம் போய்விடும்.

தபால்தலை சேகரிப்பையே பார்க்கலாம். பழைய உறையைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தலையை உரித்து நோட்டில் ஒட்டும் சமாசாரம். மாணவர்களிடம் இதை வளர்க்க 2017-இல் அஞ்சல் துறை 'ஸ்பர்ஷ்' என்ற உதவித்தொகையை ஆரம்பித்தது. ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிப்பவர்களுக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் வாங்க வேண்டுமென்றால் பள்ளித் தேர்வில் 60 சதவீத மதிப்பெண், அப்புறம் ஒரு வினாடி வினா, அதையும் தாண்டினால் ஒரு ப்ராஜெக்ட். பரீட்சைக்கு டிமிக்கி கொடுக்கத்தானே ஐயா பிள்ளைகள் தபால்தலை பக்கம் ஒதுங்கினார்கள்!

சினிமாவின் கதை இன்னும் ருசியானது. அங்கே பொழுதுபோக்குக்குச் சர்க்கார் வைத்த பெயர் கேளிக்கை, கூடவே வரி. தமிழில் பெயர் வைத்த படத்துக்கு அந்த வரி கிடையாது என்று 2006-இல் மாநில அரசு அறிவித்ததும், கோடம்பாக்கத்தில் திடீரென்று இலக்கணப் பற்று பொங்கியது. 'ஜில்லுனு ஒரு காதல்' ஒரே ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. 'எம்டன் மகன்' பாடு அதைவிடப் பரிதாபம். 1914-இல் சென்னைமீது குண்டு போட்டு, அன்றிலிருந்து தமிழில் கில்லாடிகளுக்கெல்லாம் பட்டப்பெயராகிவிட்ட ஜெர்மன் கப்பல் எம்டன். பிரிட்டிஷ்காரன் ஊரிலேயே குண்டு போட்ட அந்தக் கப்பல், வரிக்கு முன்னால் ஒரு 'டன்' குறைந்து, படம் 'எம் மகன்' என்று வெளிவந்தது.

சீட்டாட்டம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. செகந்திராபாத்தில் ஒரு ரிக்ரியேஷன் கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் பிடிபட்ட வழக்கில், 1967-இல் தீர்ப்பு வந்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது, எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம். மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டமல்ல என்றார்கள் நீதிபதிகள். மத்தியானம் சீட்டுக் கட்டோடு உட்காரும் மாமாக்களுக்கு, மாமிகளிடம் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

நம் ஊர்களில் இவர்கள் கூடுமிடத்துக்கு மனமகிழ் மன்றம் என்று பெயர். மனம் மகிழ்வது அத்தனை சுலபமில்லை. 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு, துணைவிதிகள், பொதுக்குழு, வரவுசெலவுக் கணக்கு; உறுப்பினர்களுக்கு மது ஊற்றுவதானால் எஃப்.எல்.2 உரிமம் தனி. இத்தனை கையெழுத்தும் போட்டுவிட்டுச் சீட்டைக் கையில் எடுப்பதற்குள், ஆபீஸுக்கே போய் வந்த களைப்பு வந்துவிடும். செயலாளர் பதவிக்கு மட்டும் வருஷா வருஷம் அடிதடி.