காலிப்பெட்டிக்காரர்

எந்த டிசைன் கல்லூரியிலும், எந்த விளம்பர அலுவலகத்திலும் இவர் ஒருவர் இருப்பார். பையில் கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும், விரலில் பிளாஸ்திரி, சட்டையில் காய்ந்த ஃபெவிகால். நாளைக் காலை காட்ட வேண்டிய டம்மிப் பெட்டிக்கு, இன்று கடை சாத்துகிற நேரம் பார்த்துத்தான் கிளம்புவார்.

முதலில் சென்னை பாரிமுனை, ஆண்டர்சன் தெரு. காகிதக் கடையில் அட்டையைத் தடவுவார், சுண்டுவார், மோந்துகூடப் பார்ப்பார். ஒரு சதுர மீட்டர் அட்டை 300 கிராம் இருந்தால்தான் 300 ஜி.எஸ்.எம். என்று கடைக்காரருக்கே பாடம் எடுப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார். வாங்குவதென்னவோ இரண்டே ஷீட்.

அடுத்தது டிஜிட்டல் பிரிண்ட் கடை. கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் வரிசையில் நிற்க, இவர் மட்டும் ஆபரேட்டரின் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார்.

“அண்ணே, ஸ்கிரீன்ல பாத்த ஆரஞ்சு இது இல்லையே!”

“தம்பி, அது வெளிச்சம். இது டோனர்.”

ஆர்.ஜி.பி.க்கும் சி.எம்.ஒய்.கே.வுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை. இவர் சமாதானமாக மாட்டார். ஆரஞ்சோடு மல்லுக்கட்டுகிற மும்முரத்தில், ‘ஃபிட் டு பேஜ்’ விழுந்து பெட்டி 97 சதவீதமாக இளைத்ததைக் கவனிக்கவும் மாட்டார்.

ஒட்டும் படலம் நடுராத்திரியில். மடிப்புக் கோடு அழுத்த, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா ஒன்று வைத்திருப்பார். அதை வீட்டில் யாராவது குப்பையில் போட்டால் போர்தான். அட்டையின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடித்துவிட்டு, டோனர் வெடித்த வெள்ளைக் கோட்டை ஸ்கெட்ச் பேனாவால் பூசி மெழுகுவார். பசை தடவ வேண்டிய ஒட்டு மடிப்பையே வெட்டி எறிந்துவிட்டாலும் கலங்க மாட்டார். “1879ல நியூயார்க்ல ராபர்ட் கெய்ரோட அச்சகத்துல, பைக்கு மடிப்புப் போடுற தகடு நகர்ந்து பையையே வெட்டிடுச்சு. ஒரே அழுத்துல வெட்டி மடிக்கிற பெட்டியே அதுலதான் பொறந்துது” என்பார். கெய்ர் அச்சகத்துத் தவற்றில் ஒரு தொழில் பிறந்தது. இவருடைய தவற்றில் பிறப்பது இன்னொரு பிரிண்ட் பில்.

காலையில் பெட்டி நிமிர்ந்து நிற்கும். சைவத்துக்கான பச்சைப் புள்ளி, 890ல் தொடங்கும் பார்கோடு, ஒன்றும் குறையிருக்காது. ஆனால் யாரும் தொடக்கூடாது. பசை இன்னும் காயவில்லை.

வந்த பலகாரக் கடை முதலாளிக்கு இந்த விதியெல்லாம் தெரியாது. “அம்சமா இருக்கு தம்பி” என்றபடி, கையோடு கொண்டுவந்த ஏழு சுத்துக் கைமுறுக்கை எடுத்து உள்ளே விடுவார். போகாது. சாய்த்துப் பார்ப்பார், திருப்பிப் பார்ப்பார். முறுக்கு உடைவதைப் பற்றி நம்மவருக்குக் கவலையில்லை. பெட்டியின் மூலை கசங்குவதைத்தான் பார்க்கச் சகியாது. கடைசியில் மிகுந்த பணிவோடு சொல்வார்:

“சார், முறுக்குல ஒரு சுத்து கொறைச்சுக்கலாமே?”