நண்பேன்டா ரயில்வே

நட்பு என்றால் சீனாவுக்கும் கென்யாவுக்கும் உள்ளதுபோல் இருக்கவேண்டும். மொம்பாசா துறைமுகத்திலிருந்து நைரோபிக்கு ரயில் பாதை போட 2014-ல் கடன் ஒப்பந்தம் ஆனது. தொகை 300 கோடி டாலருக்கு மேல். கொடுத்தது சீன எக்ஸிம் வங்கி. கட்டியது சீன அரசு நிறுவனம். போட்டி டெண்டர் கிடையாது. நண்பர்களுக்குள் பேரம் பேசுவது அநாகரிகம் அல்லவா?

ஒப்பந்தத்தைக் காட்டு என்று கேட்டவர்களுக்கு எட்டு வருடம் கதவு திறக்கவில்லை. 2022 நவம்பரில் சில பக்கங்கள் வெளிவந்தபோதுதான் காரணம் புரிந்தது. சரக்கு வாங்குவதில் சீனாவுக்கு முன்னுரிமை. வழக்கு வந்தால் சீனச் சட்டம். தீர்ப்புச் சொல்வது பெய்ஜிங் நடுவர் மன்றம். விவரம் வெளியே போகக்கூடாது. இவ்வளவையும் எழுதிக் கொடுத்துவிட்டு, 2017-ல் தன்னாட்சி தினத்துக்கு முதல்நாள் வண்டியைத் தொடங்கி வைத்தார் அதிபர் உகுரு கென்யாட்டா. அந்த நாளின் பெயரையே வைத்து, மதராகா எக்ஸ்பிரஸ் என்றார்கள். வாய் கூசவில்லை.

பக்கங்களை வெளியிட்ட புண்ணியவான் அப்போது புதிதாக வந்த அதிபர் வில்லியம் ரூட்டோவின் அரசு. ஒப்பந்தம் போட்ட காலத்தில் ரூட்டோ யார்? துணை அதிபர்!

பாதை உகாண்டா எல்லைவரை போவதாகத் திட்டம். 2019-ல் நைவாஷா பக்கம் வந்ததும் சீனாவின் பர்ஸ் மூடிக்கொண்டது; தண்டவாளமும் நின்றது. வெள்ளைக்காரன் 1896-ல் தொடங்கிய பாதையைப் 'பைத்தியக்கார ரயில்' என்று கேலி செய்தார்கள். அந்தப் பைத்தியம்கூட 1901-ல் விக்டோரியா ஏரியைத் தொட்டுவிட்டது.

ஓடுகிற வண்டிக்குச் சரக்கு வேண்டுமே? அதே 2019-ல் உத்தரவு போட்டார்கள்: மொம்பாசாவில் இறங்கும் கன்டெய்னர் ரயிலில்தான் நைரோபி போகவேண்டும். லாரி டிரைவர், கிளீனர், சாலையோரம் சோறு விற்றவர், பஞ்சர் ஒட்டியவர் அத்தனை பேர் வயிற்றிலும் அடி. தெருவில் இறங்கிக் கத்தினார்கள். உத்தரவு நீங்க 2022 ஆயிற்று.

கலாசார உறவிலும் குறை வைக்கவில்லை. ஆப்பிரிக்காவின் முதல் கன்ஃபூசியஸ் நிறுவனம் 2005-லேயே நைரோபி பல்கலைக்கழகத்தில் வந்துவிட்டது. பிள்ளைகள் சீனமொழி நன்றாகக் கற்கட்டும். பெய்ஜிங்கில் வழக்காட உதவும். 2025-ல் டாலர் கடனை யுவான் கடனாகவும் மாற்றியாயிற்று. வட்டி குறையுமாம். கடன்காரர் மாறவில்லை.

சீனாவைத் திட்டுவது சுலபம். கடன் கொடுத்தவர்கள் தங்கள் நாட்டு லாபத்தைப் பார்த்தார்கள். நைரோபியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் யாருடைய லாபத்தைப் பார்த்தார்கள்? கென்யாவின் கடன் சீனாவோடு முடியவில்லை; இன்னும் பலரிடம் வாங்கிக் குவித்திருக்கிறார்கள். அதையெல்லாம் அடைக்க 2024-ல் வரியை ஏற்றப் பார்த்தார்கள். எதிர்த்து நாடாளுமன்றத்துக்குள் புகுந்த இளைஞர்களைப் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் ஒருவர்கூட எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டவர் இல்லை. போட்டவர்கள் மேல் ஒரு கீறலும் இல்லை.