மணி பிளான்ட் பரவலில் திருட்டின் பங்கு: ஓர் ஆய்வு

மணி பிளான்ட் இல்லாத பால்கனியைக் கண்டுபிடிப்பது கடினம். அதைக் காசு கொடுத்து வாங்கியவரைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். நர்சரிகளில் விற்கத்தான் விற்கிறார்கள். ஆனால் வாங்கிய கொடியால் பணம் வராது, திருடிய கொடியால்தான் வரும் என்பது அறிஞர்கள் (குறிப்பாக மாமியார்கள்) ஒருமனதாக ஏற்றுக்கொண்ட கோட்பாடு. அதைத் தாவரவியல், தண்டனைச் சட்டம் ஆகிய இரு துறைகளின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பசிபிக் கடலில், பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரியா தீவு இக்கொடியின் தாயகம். தானாகப் பூப்பது அரிதினும் அரிது. பூவை வைத்து இனம் பிரித்தே பழகிய தாவரவியலாளர்கள் 1880இல் ஒரு பெயரைச் சூட்டிவிட்டு, அதன்பின் பேரினம் மாற்றி மாற்றி அலைந்து, 1964இல்தான் ‘எபிப்ரெம்னம்’ என்ற இடத்தில் அதை உட்கார வைத்தார்கள். பூக்கத் தேவையான ஜிப்ரலின் ஹார்மோன் அதில் சரியாக உருவாவதில்லை என்று 2016இல் கண்டறிந்தவர்கள், அந்த ஹார்மோனைத் தெளித்துப் பூக்கவும் வைத்துக் காட்டினார்கள். நம் வீட்டில் யார் தெளிப்பது? பூ இல்லை, விதை இல்லை, வண்டு எட்டிப் பார்க்கவும் காரணமில்லை. ஆனாலும் மூரியாவில் பிறந்தது முகப்பேர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஒருவர் கிள்ளினார், அவர் வீட்டில் இன்னொருவர் கிள்ளினார். ஆக, வண்டின் வேலையை விருந்தாளி செய்கிறார் என்பது இவ்வாய்வின் முதல் முடிவு.

இந்த வண்டுக்குப் பயிற்சி தேவை. கற்றுக்குட்டிகள் இலையை மட்டும் காம்போடு பறித்துவந்து தண்ணீரில் போடுவார்கள். அது நாள்கணக்கில் பச்சையாக நிற்கும், வேர்கூட விடலாம், கொடி மட்டும் வராது. தேர்ந்தவர் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் விரலால் தடவிப் பார்ப்பார். பழுப்பு நிறத்தில் சிறிய முண்டு ஒன்று தட்டுப்படும். அதுதான் கணு, வருங்கால வேர். அதற்குக் கொஞ்சம் கீழே நகத்தால் அழுத்தினால் வேலை முடிந்தது. மிச்சம் கைப்பையின் பொறுப்பு.

வளர்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேர் வெயில் கூடாது, வெளிச்சம் வேண்டும். தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். மரத்தில் ஏற்றிவிட்டால் முறம் அளவுக்கு விரியும். பாட்டிலில் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆகவேண்டும். டெங்குக் கொசு முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடையாது. மாநகராட்சி ஊழியர் டார்ச் அடித்துப் பார்க்கும்போது அந்தப் பாட்டிலில் முன்பு என்ன இருந்தது என்பதும் வெளிப்பட்டுவிடும்.

இனி சட்டம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதல்முறை தண்டனை பெறுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையோடு தப்பிக்கலாம். மணி பிளான்ட்டைத் திருப்பிக் கொடுப்பதில் நஷ்டமும் இல்லை: கொடி வளர்ந்ததும் ஒரு கணுவைக் கிள்ளித் தந்தால் போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உரியவரின் சம்மதம் இல்லாமல் எடுத்தால்தான் திருட்டு. அந்தச் சம்மதத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை, குறிப்பால் உணர்த்தினாலும் செல்லும். நம் வீடுகளில் நடப்பதோ வேறு. விருந்தாளியின் பார்வை ஜன்னல் பக்கம் போனதுமே வீட்டுக்கார அம்மா, “இருங்க, காபி கொண்டு வரேன்” என்று உள்ளே போய்விடுகிறார். டிகாஷன் தயாராக இருந்தும் பத்து நிமிடம் வெளியே வருவதில்லை. இது சம்மதம் இல்லாமல் வேறென்ன? சம்மதம் இருந்தால் திருட்டு ஆகாது, திருட்டு ஆகாவிட்டால் பணம் வராது. இத்தனை வீடுகளில் இத்தனை கொடி படர்ந்தும் மாதத் தவணை மட்டும் குறையாததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

கோட்பாட்டை முறையாகச் சோதிக்க, உரியவர் நிஜமாகவே ஊரில் இல்லாத வீட்டில் கிள்ளிப் பார்க்க வேண்டும். பக்கத்து பிளாட்காரர்கள் மே மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போகிறார்களாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை ஆய்வாளரிடமே கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.